நீல நண்டுக் கோப்பைக்கு இரண்டாவது அணி

பதினொன்று நாற்பதுக்கு டிவியில் பன்னிரண்டாவது பெயர் வந்தது. டென்ஹாம் இல்லை.

கையிலிருந்த கரண்டியை நான் பாத்திரத்துக்குள்ளேயே நழுவவிட்டேன்.

"போச்சு," என்றாள் நடீன்.

"என்ன போச்சு? நமக்கு நல்லதுதான். பிளே-ஆஃபுக்குப் பன்னிரண்டு அணி. டென்ஹாம் பதிமூணாவது. அங்க இடம் இல்லன்னா நம்மகிட்டதான் வரணும். ப்ரைஸ் ஹோல்கோம் எனக்குக் கை கொடுத்திருக்கான்."

"மிஸ்டர் எம்மெட், முதல்ல அந்தப் பசங்க மூஞ்சியப் பாருங்க."

பார்த்தேன். டென்ஹாம் பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கு. நூறு பையன்கள் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் முன் நாற்காலியை எட்டி உதைத்தான். கேமரா அவசரமாக வேறு பக்கம் திரும்பியது.

"சாவு வீடு மாதிரி இருக்கு," என்றாள் நடீன். "இவங்களா நம்ம ஊருக்கு வந்து படகுல ஏறி நண்டு சாப்பிடப் போறாங்க?"

நடீன் வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு வருபவள். ஞாயிற்றுக்கிழமை வரத் தேவையே இல்லை. சர்ச்சிலிருந்து நேராக, தொப்பியைக் கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். வேறு யாரும் வரவில்லை.

போர்ட் சாபின் துறைமுகத்தில் தூண்டில் இரை விற்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் நீல நண்டுக் கோப்பையின் தலைமையகம். வருடா வருடம் டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி, சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃபுக்குப் போகாத இரண்டு காலேஜ் ஃபுட்பால் அணிகளை மிசிசிப்பிக் கடற்கரைக்கு அழைத்து வந்து ஆட வைப்போம். நாற்பத்தேழு வருடமாக நடக்கிறது. சுவரில் பன்னிரண்டு கொக்கிகள், எங்கள் கமிட்டியின் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கோட்டு. வெந்த நண்டின் ஆரஞ்சு நிறம். பழைய கமிட்டி நீலமா ஆரஞ்சா என்று ஒரு வருடம் சண்டை போட்டு முடிவு செய்த நிறம் அது. பிளே-ஆஃப் அணிகளை அறிவிக்கும் தேர்வு ஞாயிறன்று பன்னிரண்டு பேரும் கோட்டைப் போட்டுக்கொண்டு இங்கே கூடி கம்போ குழம்பும் சோறும் சாப்பிடுவது வழக்கம். இப்போது மூன்று பேர் உயிரோடு இல்லை. இரண்டு பேர் ஃப்ளோரிடாவில் மகன் வீட்டில். மீதிப்பேர், "போன்ல சொல்லிடு எம்மெட், போதும்."

நான் மட்டும் கோட்டோடு நின்றேன். அடுப்பில் இறாலும் வெண்டைக்காயும் போட்ட கம்போ, பன்னிரண்டு பேருக்கு. குறைத்துச் சமைக்க எனக்குத் தெரியாது. என் மனைவி ஒர்லீன் எழுதி வைத்துவிட்டுப் போன சீட்டில் அளவெல்லாம் பன்னிரண்டு பேருக்குத்தான் இருக்கிறது. அவள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது.

போனை எடுத்தேன்.

ப்ரைஸ் ஹோல்கோம் டென்ஹாமின் விளையாட்டுத் துறைத் தலைவர். ஐந்தாவது மணியில் எடுத்தார்.

"எம்மெட், இப்ப வேண்டாமே."

"ரெண்டு நிமிஷம். டிக்கெட் அச்சடிக்கணும், ஓட்டலுக்குச் சொல்லணும்..."

"நாங்க வரல."

"என்னது?"

"பசங்க ஓட்டுப் போட்டாங்க. பிளே-ஆஃப் இல்லன்னா வீட்டுக்குப் போறோம்னுட்டாங்க. மனசு உடைஞ்சு கிடக்கறாங்க எம்மெட். அவங்களப் போய் எப்படி..."

"நவம்பர்ல கை கொடுத்தீங்க ப்ரைஸ்."

"நவம்பர்ல நாங்க பத்தொன்பதாவது இடத்துல இருந்தோம். பன்னிரண்டு பக்கத்துல வருவோம்னு யாரு நினைச்சா?"

இதற்கு முன் இப்படி நடந்ததில்லை. ஒப்பந்தத் தாள் அப்புறம் வரும். முதலில் வருவது கை. நவம்பர் சனிக்கிழமையில் ஆரஞ்சுக் கோட்டோடு போய், பத்திரிகைக்காரர்கள் உட்காரும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, ஆட்டம் முடிந்ததும் கை கொடுப்போம். எழுத்தில் ஒன்றும் இருக்காது. கொடுத்த கையை யாரும் பின்னால் இழுத்ததில்லை.

"பிளே-ஆஃப் கமிட்டிக்காரனுங்க பன்னிரண்டை இருபத்துநாலு ஆக்கிட்டா இந்தப் பிரச்சினையே இல்ல," என்றார் ப்ரைஸ். "உங்க சங்கம்தான் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டு அலையுது."

"இருபத்துநாலு ஆக்கினா இருபத்தஞ்சாவது ஆளு எனக்கு போன் பண்ணி இதையேதான் சொல்வான்."

"அது அவன் பாடு," என்றார். வைத்துவிட்டார்.

அந்தக் கடிதம் என் மேசையிலேயே இருந்தது. கோப்பைக் குழுக்களின் சங்கம் தயாரித்தது. முதல் வரைவு எழுதியதே நான்தான். பிளே-ஆஃபை விரிவாக்காதீர்கள் என்று நான்கு பத்தி. நான்காவது பத்தியில் ஒரு வரி எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது: 'கோப்பை ஆட்டம் என்பது ஒதுக்கப்பட்டவர்களுக்கான ஆறுதல் அல்ல, அந்த மாணவர்களை மதித்து நாங்கள் விடுக்கும் அழைப்பு.' மாலைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

டிவியில் கீழே ஓடும் எழுத்தில் வந்துவிட்டது: டென்ஹாம் எந்தக் கோப்பையையும் ஏற்காது.

"இப்ப நாடு பூரா தெரியும்," என்றாள் நடீன். "கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளை ஓடிப்போன மாதிரி நிக்கறோம்."

அடுத்த போன் கென்ட்ரா வாஸ்க்கிடமிருந்து. டிவி கம்பெனியில் எங்கள் ஆட்டத்துக்கு நேரம் ஒதுக்குபவள் அவள்தான். மரியாதையாகப் பேசுவாள். அதுதான் பயம்.

"எம்மெட், உங்க முதல் அணி வில்மோர், சரி. ரெண்டாவது யாரு?"

"பேசிட்டு இருக்கேன்."

"ரெண்டு மணிக்கு எனக்கு ஒரு பேர் வேணும். ரெண்டரைக்கு எல்லாக் கோப்பையும் டிவில போகுது. பேர் இல்லன்னா அந்த நேரத்துல நாய்க் கண்காட்சி போட்டுடுவேன். அதுக்கும் பார்க்கறவங்க இருக்காங்க."

"இந்த ஒரு வருஷம் விட்டா?"

"ஒப்பந்தத்துல ஏழாவது பாரா படிங்க. ஆட்டம் நடக்கலன்னா ஒப்பந்தம் அதோட முடிஞ்சுது. நான் எழுதினதில்ல, எம்மெட்."

ஏழாவது பாரா எனக்கு மனப்பாடம். டிவி இல்லாவிட்டால் கோப்பை இல்லை. கோப்பை இல்லாவிட்டால்...

வருடத்தில் ஐந்து நாள் இரண்டு அணிகளும் எங்கள் ஊரில் இருக்கும். அந்த ஐந்து நாளில் இருநூறு பேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். விமான நிலையத்தில், ஓட்டலில், படகுத்துறையில், மைதானத்தில். மீதி முன்னூற்று அறுபது நாளும் நடீன் ஒருத்திதான், அதுவும் திங்கள், புதன், வெள்ளி. எனக்கு அறுபத்தெட்டு வயது. இதைவிடப் பச்சையாகச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு போன் பண்ணினேன். ஓர் அணியின் கோச் காலையில்தான் வேறு வேலைக்குப் போயிருந்தார். அவரோடு பாதி அணியும் கிளம்பிவிட்டது. இன்னொரு அணி அரைமணி நேரத்துக்கு முன்னால் டெக்சஸில் ஒரு கோப்பைக்கு ஒத்துக்கொண்டுவிட்டது.

"ஹார்லன் ஸ்டேட்," என்றாள் நடீன், நான் கேட்காமலே.

அந்தப் பெயரை நான் தவிர்த்துக்கொண்டிருந்தேன்.

ஹார்லன் ஸ்டேட் வடக்கே பைன் காட்டுக்குள் இருக்கும் காலேஜ். இந்த வருடம் ஏழு வெற்றி, ஐந்து தோல்வி. தகுதி உண்டு. இதுவரை எந்தக் கோப்பையும் அவர்களைக் கூப்பிட்டதில்லை. கோச் லவெல் டூமர் நவம்பரில் எனக்கு மூன்று தடவை போன் பண்ணியிருந்தார். மூன்றாவது தடவை சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "எடுக்கணும்னு சொல்லல சார். ஒரே ஒரு சனிக்கிழமை அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க. பசங்க நிமிர்ந்து பாத்தா கண்ணாடிக்குப் பின்னால ஆரஞ்சுக் கலர் தெரியணும். அவ்வளவுதான்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்தச் சனிக்கிழமை டென்ஹாமுக்குப் போனேன்.

போன் போட்டேன். பன்னிரண்டு ஐம்பது.

முதல் மணியிலேயே எடுத்தார். "டூமர்."

"கோச், போர்ட் சாபின்ல இருந்து எம்மெட் பர்விஸ் பேசறேன்."

"சொல்லுங்க சார்." பின்னால் தட்டுகள் ஓசை, நிறையக் குரல்கள். ஒரு கதவு மூடப்பட்டதும் எல்லாம் அடங்கியது. "நான் எத்தனாவது?"

"அப்படியெல்லாம் இல்ல கோச்..."

"டென்ஹாம் மாட்டேன்னது பன்னிரண்டுக்கு முன்னாலயே டிவில வந்துடுச்சு. இப்ப மணி பன்னிரண்டு ஐம்பது. ஒரு மணி நேரத்துல எத்தனை போன் பேசலாம்னு எனக்குக் கணக்கு வரும் சார். நான் முதல்ல கணக்கு வாத்தியார்."

மேசையிலிருந்த கடிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"பரவால்ல," என்றார். "ஆனா நான் முடிவு சொல்ல மாட்டேன். நாளைக்குப் பரீட்சை ஆரம்பம். பாதிப் பசங்க கிறிஸ்துமஸ் லீவுல மரக்கடையில, கிடங்குல வேலைக்குச் சேர்ந்திருக்காங்க. அதையெல்லாம் விட்டுட்டு வரணும்னா அவங்கதான் சொல்லணும். காலைல இருந்து எல்லாரும் மெஸ்ல டிவி முன்னால உட்கார்ந்திருக்காங்க. நீங்க வந்து கேளுங்க."

"போன்லயே..."

"போன்ல வேண்டாம். டென்ஹாமுக்குப் போனீங்கல்ல, அந்த மாதிரி வாங்க. கோட்டோட. நாலு மணி வரைக்கும் பிடிச்சு வெக்கறேன். மூணு மணி நேர டிரைவ்தான்."

"கேட்டா வருவாங்களா?"

சிரித்தார். "கேளுங்க சார்."

போனை வைத்தேன். நான்கு மணிக்கு நான் கேட்க வேண்டும். இரண்டு மணிக்கு கென்ட்ராவுக்குப் பெயர் வேண்டும். நடுவே இரண்டு மணி நேரப் பள்ளம்.

கென்ட்ராவுக்கு போன் பண்ணினேன். "எழுதிக்கோங்க. ஹார்லன் ஸ்டேட்."

"உறுதியா?"

"உறுதி."

நடீன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். நான் பேசி முடிக்கும் வரை பொறுத்திருந்தாள்.

"அவங்க சரின்னாங்களா?"

"சொல்வாங்க."

"நான் கேட்டது அது இல்ல."

"நடீன், ஒரு தடவை கூட எவனும் கூப்பிடாத காலேஜ். கடற்கரை, ஓட்டல், டிவி. இதை எவனாவது வேண்டாம்பானா?"

"டென்ஹாம்காரனும் உங்களப் பத்தி இதையேதான் நினைச்சிருப்பான். கிழவன் எங்க போயிடப் போறான்னு."

"உனக்கு வாய் ஜாஸ்தி."

"அதுக்குத்தான் சம்பளம் தர்றீங்க. டைப்பிங் எனக்கு வராதுன்னு உங்களுக்கே தெரியும்." கார் சாவியை எடுத்து நீட்டினாள். "போறதுன்னா சீக்கிரம் போங்க. அந்தப் பாத்திரத்தையும் எடுத்துட்டுப் போங்க. இங்க யாரு சாப்பிடறது?"

பாத்திரத்தின் மூடியைக் கயிற்றால் கட்டி இருவருமாகத் தூக்கி, காரின் முன் இருக்கையில் வைத்தோம். கிளப்பினேன். டிங், டிங், டிங் என்று மணி அடித்தது. கனத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டது கார். இரண்டு தெரு வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஓரமாக நிறுத்தி, பாத்திரத்தைச் சுற்றி பெல்ட்டை மாட்டினேன். மணி நின்றது.

அந்த இருக்கையில் பெல்ட் மாட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நாற்பத்தொன்பதாம் நெடுஞ்சாலையில் வடக்கே நூற்றெழுபது மைல். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாலை காலி. இரண்டு பக்கமும் பைன் மரங்கள். நடுவே ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சர்ச், மறுபடி பைன் மரங்கள். என்ன பேசுவது என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். "பசங்களா, நீங்க இந்த அழைப்புக்குத் தகுதியானவங்க." கேட்கவே போலியாக இருந்தது. "பசங்களா, எனக்கு நீங்க வேணும்." இது உண்மை. ஆனால் இதை எப்படிச் சொல்வது?

இரண்டரைக்கு ரேடியோவைப் போட்டேன். பட்டியல் ஓடியது. கடைசிக்கு முந்தைய வரி: "போர்ட் சாபின் நீல நண்டுக் கோப்பை. வில்மோர், எதிரணி ஹார்லன் ஸ்டேட்."

ஸ்டியரிங்கைத் தட்டினேன். நாற்பத்தெட்டாவது வருடம். கோப்பை பிழைத்துவிட்டது. பாத்திரத்தைப் பார்த்து, "கேட்டியா?" என்றேன். பைத்தியக்காரத்தனம்தான். காரில் வேறு யார் இருந்தார்கள்?

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. ரேடியோவில் வந்தால் டிவியிலும் வந்திருக்கும். அந்த மெஸ்ஸில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது.

டூமருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. ஐந்து மைல் தாண்டி மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. அதற்கப்புறம் வண்டியை எண்பதுக்குக் கீழே இறக்கவில்லை.

ஹார்லன் ஸ்டேட் மெஸ்ஸுக்கு முன்னால் நிறுத்தும்போது மூன்று ஐம்பது. கோட்டின் பித்தளைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டேன். பாத்திரத்தைத் தனியாகத் தூக்க முடியவில்லை. வெறுங்கையோடு உள்ளே போனேன்.

நீளமான கூடம். எண்பது பேர் உட்காரும் மேசைகளில் முப்பது பேர் இருந்தார்கள். டிவி அணைக்கப்பட்டிருந்தது. ஒரு மேசையின் நடுவே ஒரு ஹெல்மெட் கவிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் மடித்த காகிதத் துண்டுகள்.

லவெல் டூமர் எழுந்து வந்தார். ஐம்பது வயது, ஒல்லி. சட்டைப் பையில் இரண்டு சிவப்புப் பேனா. வாத்தியார் புத்தி போகவில்லை. கையை நீட்டினார். நானும் கொடுத்தேன். அந்தக் கை என் கையை இறுக்கவுமில்லை, தளரவுமில்லை.

"போனை நான்தான் எடுக்கல," என்றார். "நேர்ல சொல்றதுதான் மரியாதை."

"கோச், டிவி நேரம் நெருக்கிடுச்சு. அதனாலதான்..."

"என்கிட்ட இல்ல சார். அவங்ககிட்ட சொல்லுங்க." திரும்பினார். "ஓடிஸ்."

ஓடிஸ் ப்ளெட்சோ எழுந்தான். அணித் தலைவன். கதவை அடைக்கும் உடம்பு, முகம் மட்டும் பத்தாம் வகுப்பு. தட்டிலிருந்த பிஸ்கட்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"வணக்கம் சார். நல்ல கோட்டு. டிவில பாக்கறதவிட நேர்ல இன்னும் கண்ணு கூசுது."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"காலைல எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தோம் சார். பன்னிரண்டு அணியோட பேரையும் டிவில படிச்சாங்க. அது எங்களுக்கில்ல, தெரியும். அப்புறம் நீங்க வர்றீங்க, எங்களக் கேக்கப் போறீங்கன்னு கோச் வந்து சொன்னார். பாதிப் பேர் ரூமுக்கு ஓடிப்போய்ச் சட்டை மாத்திட்டு வந்தாங்க."

அப்போதுதான் கவனித்தேன். பல பேர் கழுத்தில் டை இருந்தது. சிலர் அதை அவிழ்த்து மேசையில் போட்டிருந்தார்கள்.

"ரெண்டரைக்கு எங்க பேர் டிவில வந்துச்சு," என்றான் ஓடிஸ். "ஒரு செகண்டு எல்லாரும் கத்தினோம். அப்புறம் பின் மேசையில இருந்து ஒருத்தன் கேட்டான், நம்ம எப்படா சரின்னோம்னு. அதோட அடங்கிடுச்சு."

"தப்புதான்," என்றேன். "ரெண்டு மணிக்குப் பேர் கொடுக்கலன்னா கோப்பையே போயிருக்கும். நான் பயந்துட்டேன். இன்னொன்னும் சொல்லணும். உங்க காலேஜுக்கு முன்னால மூணு பேர்கிட்ட கேட்டேன். நீங்க நாலாவது."

"தெரியும் சார். கோச் கணக்குப் போட்டுச் சொன்னார். நாலாவதுன்னாலும் வந்திருப்போம்." ஹெல்மெட்டை நிமிர்த்தி வைத்தான். "நாலாவதா கேட்டிருந்தா."

கோச் மேசையிலிருந்த காகிதத் துண்டுகளை ஒரு பக்கமாகக் கூட்டினார்.

"எழுபத்தொன்பது ஓட்டு," என்றார் டூமர் மெதுவாக. "முப்பத்தொன்னு ஆமா. நாப்பத்தெட்டு இல்ல. எனக்கு ஓட்டு கிடையாது. இருந்தா ஆமான்னுதான் போட்டிருப்பேன். அது வேற."

நான் ஓடிஸ் பக்கம் திரும்பினேன். "இப்ப வந்துட்டேன். இப்பக் கேக்கறேன். இன்னொரு தடவை ஓட்டுப் போடலாமா?"

ஓடிஸ் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

"நாப்பது பேர் வேலைக்கு வர்றோம்னு முதலாளிக்குச் சொல்லிட்டுப் போயிட்டாங்க சார். அதுவும் இல்லாம, முடிவு தெரிஞ்சப்புறம் எண்ணிக்கைய மாத்தச் சொல்றதுதானே டென்ஹாம்காரன் டிவில அழுதது? பதிமூணாவது வந்துட்டேன், இருபத்துநாலு ஆக்குன்னு."

பின் மேசையில் ஒருவன், "டேய், கிழவரை விடுடா," என்றான்.

"நான் திட்டல. சாருக்கே தெரியும்." என்னைப் பார்த்தான். "தெரியும்ல சார்?"

"தெரியும்," என்றேன்.

அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. ஆனால் அப்படியே திரும்பிப் போகவும் முடியவில்லை.

"கார்ல கம்போ இருக்கு," என்றேன். "பன்னிரண்டு பேருக்கு. தூக்க ரெண்டு பேர் வேணும்."

ஆறு பேர் வந்தார்கள். மெஸ்ஸில் சோறு இருந்தது, சூடு பண்ணினார்கள். பன்னிரண்டு பேருக்கானதை முப்பது பேர் சாப்பிட்டார்கள். ஆளுக்கு இரண்டு இறால். ஓடிஸ் எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தான். வெண்டைக்காய் அதிகம் என்றான். அவன் வீட்டில் இவ்வளவு போட மாட்டார்களாம். என் மனைவியின் அளவு அது என்றேன். "அப்ப சரிதான்," என்று மீதியையும் சாப்பிட்டான். பெயர்களைச் சொன்னார்கள். முப்பது பெயரையும் நினைவில் வைக்கப் பார்த்தேன். ஒன்பதுக்கு மேல் நிற்கவில்லை.

யாரோ ஒருவன் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, கயிற்றைச் சுருட்டி உள்ளே போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

டூமர் கார் வரை வந்தார். பைன் மரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

"உங்க சங்கம் கடிதம் அனுப்புதாமே, விரிவாக்கக் கூடாதுன்னு," என்றார்.

"நான்தான் எழுதினேன்."

"நான் விரிவாக்கணும்பேன் சார். இருபத்துநாலு ஆக்கட்டும். பெரிய காலேஜ் எல்லாம் அங்க போகட்டும். அப்பத்தான் நவம்பர்ல உங்களுக்கு எங்க ஊர் வழி தெரியும்."

"அப்ப என் கோப்பை இருக்காதே, கோச்."

அவர் ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டார். "பரீட்சைத் தாள் திருத்தணும்," என்றார். பசங்களுக்கு இன்னும் கணக்கு எடுக்கிறார் போலிருக்கிறது. நான் கேட்கவில்லை.

காருக்குள் உட்கார்ந்து முதலில் கென்ட்ராவுக்கு போன் பண்ணினேன்.

"நான் பொய் சொல்லிட்டேன்," என்றேன். "அவங்க சரின்னு சொல்லவே இல்ல. நான் கேக்காமலே பேர் கொடுத்துட்டேன். தப்பு என் பேர்ல. அந்தக் காலேஜ் பேரைக் கெடுக்காம எடுத்துடுங்க."

பேப்பர் புரளும் சத்தம். "இன்னிக்கு வேற அணி கிடைக்குமா, எம்மெட்?"

"எல்லாரும் போயாச்சு."

"ஏழாவது பாரா தெரியும்ல."

"தெரியும்மா. நாய்களுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க."

அவள் சிரிக்கவில்லை. "உங்க கம்போ ஒரு தடவை சாப்பிட்டிருக்கேன்," என்றாள். "நல்லா இருந்துச்சு." வைத்துவிட்டாள்.

அடுத்தது சங்கத் தலைவர். கடிதம் இன்னும் வரவில்லையே என்றார்.

"என் கையெழுத்து வேண்டாம். எடுத்துடுங்க."

"என்னய்யா, நீயே எழுதிட்டு? விரிவாக்கணும்கிறியா இப்ப?"

"அது எனக்குத் தெரியல. நாலாவது பத்தியில ஒரு வரி இருக்குல்ல, மதித்து விடுக்கும் அழைப்புன்னு. அதைச் சொல்ல எனக்கு வாய் இல்ல."

"உனக்கு என்ன ஆச்சு எம்மெட்? யாராவது பக்கத்துல இருக்காங்களா?"

"இல்ல," என்றேன்.

நடீனுக்கு போன் பண்ணவில்லை. நாளைக்குத் திங்கள்கிழமை, வருவாள். பன்னிரண்டு கோட்டையும் என்ன செய்வது என்று கேட்பாள். எனக்குப் பதில் தெரியாது. கேட்பதற்கு அவள் வருவாள் என்பது மட்டும் தெரியும்.

கோட்டைக் கழற்றிப் பின் இருக்கையில் போட்டேன். பாத்திரத்தை முன் இருக்கையில் வைத்தேன். சாவியைத் திருப்பி, மணி அடிக்கக் காத்திருந்தேன்.

அடிக்கவில்லை. பாத்திரம் காலி. கனம் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்று காருக்கும் தெரிந்துவிட்டது.

எதிரே மெஸ் ஜன்னலில் விளக்கு எரிந்தது. முப்பது தலைகள். ஒன்பது பேரின் பெயர் எனக்குத் தெரியும். ஒருவன் ஜன்னலருகே வந்து நின்று கையைத் தூக்கினான். யாரென்று தெரியவில்லை. நானும் கையைத் தூக்கினேன்.

பெல்ட்டை இழுத்துப் பாத்திரத்தைச் சுற்றி மாட்டிவிட்டு, தெற்கே கிளம்பினேன்.